பழைய மடிக்கணினிக்கு எந்தப் படச் செயலியை டீஃபால்ட்டாக வைப்பது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய மடிக்கணினிகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட மனம் வராமல், அதில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டு அம்மாவுக்கோ மாமாவுக்கோ சங்க அலுவலகத்துக்கோ அமைத்துக் கொடுப்பவர்களுக்கான குறிப்பு இது.

உலாவி, லிப்ரே ஆஃபிஸ் வரைக்கும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். படங்களைத் திறக்கும் இடத்தில்தான் வருவார்கள். "பேரன் பேரைப் போட்டு வைத்திருந்தேனே, எங்கே போயிற்று?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கக் கூடாது என்றால், செயலியைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினி, கைப்பேசிப் படங்கள் மட்டும் என்றால் மின்ட்டோடு வரும் பிக்ஸ். மின்ட் அல்லாத லினக்ஸில் அதன் தாய்ச் செயலியான ஜிதம்ப். தேதிவாரியாக ஓடும் ஒரே பட்டியலாகப் பார்க்க விரும்புகிற உபுண்டுக்காரருக்கு ஷாட்வெல். ஆனால் ஓர் அமைப்பை மாற்றிய பிறகுதான். முகங்களுக்குப் பெயர் வைக்க வேண்டும், பல்லாயிரம் படங்கள் இருக்கின்றன, கணினியில் 8 ஜிபி இருக்கிறது என்றால் டிஜிகேம். ரா கோப்பில் (கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் வடிவம்) படமெடுத்து நிறம் திருத்துபவருக்கு டார்க்டேபிள் தனியாக வேண்டும். அது வீட்டு ஆல்பத்துக்கான கருவி அல்ல. டீஃபால்ட்டாக வைத்தால் எல்லோரும் திண்டாடுவார்கள்.

படத்தின் முதுகில் எழுதுகிறதா, பேரேட்டில் எழுதுகிறதா?

ஸ்டூடியோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் திருப்பினால், பின்னால் பென்சிலில் பெயரும் ஊரும் தேதியும் இருக்கும். ஆல்பம் கிழிந்தாலும் அந்த எழுத்து படத்தோடு போகும். கணினிப் படத்துக்கும் அப்படி ஒரு முதுகு உண்டு. ஜேபெக் கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப், ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. எடுத்த நேரமும் கேமராவும் எக்ஸிஃபில். குறிச்சொல், தலைப்பு, விளக்கம் போன்றவை பெரும்பாலும் மற்ற இரண்டிலும் இருக்கும்.

சில செயலிகள் நீங்கள் தட்டச்சு செய்ததை அங்கே எழுதும். சில தங்கள் சொந்தத் தரவுத்தளத்தில், அதாவது தனிப் பேரேட்டில் எழுதிக்கொள்ளும். பேரேடு வேகமானது, தேடுவதற்கு வசதியானது. ஆனால் செயலி போனால் பேரேடும் போகும். செயலிகள் போகத்தான் செய்கின்றன: பிக்காசாவை கூகல் 2016 மார்ச்சில் கைவிட்டது. ஆப்பிளின் ஐஃபோட்டோ இருந்த இடத்தில் 2015-இல் ஃபோட்டோஸ் வந்தது. உபுண்டுவில் டீஃபால்ட்டாக இருந்த எஃப்-ஸ்பாட்டை 2010-இல் 10.10 பதிப்பு வெளியேற்றி ஷாட்வெல்லை உட்கார வைத்தது. உங்கள் தாத்தாவின் படம் இவை எல்லாவற்றையும் விட வயதானது.

ஆகவே அழகு, வேகம், வண்ண வடிகட்டி எதையும் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் செயலியில் நான் எழுதுவதை வேறொரு செயலி படிக்குமா?

ஷாட்வெல்லில் இதற்கான அமைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸைத் திறந்து, குறிச்சொல்லையும் தலைப்பையும் படக் கோப்பிலேயே எழுதச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். இதைச் செய்யாமல் ஐந்து வருடம் பெயர் எழுதியிருந்தால், அத்தனையும் ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஃபோட்டோ.டிபி என்ற ஒரே கோப்பில்தான் கிடக்கும். கணினியை மாற்றும்போது பிக்சர்ஸ் கோப்புறையை மட்டும் நகலெடுப்பது வழக்கம். அந்த ஒரு கோப்பு பின்தங்கும், பெயர்களும் அதோடு போகும். அங்கேயே, நூலகக் கோப்புறையில் புதிதாக வரும் படங்களைக் கவனிக்கச் சொல்லும் கட்டத்திலும் டிக் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கோப்பு மேலாளர் வழியாகப் போட்ட படங்கள் ஷாட்வெல்லில் தெரியாது.

ஷாட்வெல்லில் இன்னொரு கண்ணியும் உண்டு. நூலகத்துக்குள் செய்யும் வெட்டலும் வெளிச்சத் திருத்தமும் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. பேரேட்டில் குறிப்பாக மட்டும் இருக்கும். நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தைக் கோப்பு மேலாளரிலிருந்து வாட்ஸ்அப் வெப்பில் இழுத்துப் போட்டால் பழைய, வெட்டாத படம்தான் போகும். திருத்தியது வேண்டுமென்றால் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் செய்தாக வேண்டும். இதை முதல் நாளே செய்து காட்டுங்கள். இல்லையென்றால் இரவு பத்து மணிக்கு உங்களுக்கு ஃபோன் வரும்.

பிக்ஸும் ஜிதம்பும் வேறு வகை. இறக்குமதி, நூலகம் என்ற பேச்சே கிடையாது. கோப்புறையில் இருப்பதை அப்படியே காட்டும். பிரிஃபரன்சஸின் பொதுப் பகுதியில், முடிந்தால் தகவலைக் கோப்புக்குள்ளேயே வைக்கச் சொல்லும் கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். "முடிந்தால்" என்பது முக்கியமான சொல். முடியாத கோப்பு வகைகளுக்கு, அதே கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் காமெண்ட்ஸ் என்ற மறைகோப்புறையில் எழுதும். கோப்புறையை முழுதாக நகர்த்தினால் அது கூடவே வரும். நாலு படத்தை மட்டும் பொறுக்கி யுஎஸ்பியில் போட்டால் வராது.

டிஜிகேம் பேரேடும் வைத்துக்கொள்ளும், முதுகிலும் எழுதும். முதன்முறை திறக்கும்போது வரிசையாகச் சில பக்கங்கள் கேள்வி கேட்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். தகவலைக் கோப்புகளில் சேர்க்கவா, ஒன்றும் செய்யாமல் விடவா என்று கேட்கும் பக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தரவுத்தளத்தை எங்கே வைப்பது என்று கேட்கும்போது கணினியின் உள் வட்டைக் காட்டுங்கள். வெளி வட்டிலோ வைஃபை வழியாகப் போகும் நெட்வொர்க் வட்டிலோ எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகையிலான இந்தப் பேரேட்டை வைத்தால் மெதுவாகும், இணைப்பு நடுவில் அறுந்தால் கெட்டும் போகும். படங்கள் வெளி வட்டில் இருக்கலாம், தவறில்லை; அதை நீக்கக்கூடிய வட்டு என்ற வகையில் சேர்த்தால், எந்தத் துளையில் செருகினாலும் வட்டின் அடையாள எண்ணைப் பார்த்து டிஜிகேம் கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஐஃபோனின் ஹெய்க் கோப்புகளுக்கும் ரா கோப்புகளுக்கும் டிஜிகேமில் பக்கக் கோப்பை இயக்குங்கள். மெட்டாடேட்டா அமைப்புகளில் சைட்கார் பகுதியில் படிக்க, எழுத என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் டிக் வேண்டும். படத்துக்குப் பக்கத்திலேயே, படத்தின் முழுப் பெயரோடு எக்ஸ்எம்பி என்ற வால் சேர்ந்த சிறு கோப்பு உருவாகும். அடோபி செயலிகள் எதிர்பார்க்கும் பெயர் முறை வேறு. அடோபியின் லைட்ரூமும் பயன்படுத்துகிற வீடு என்றால், வணிகச் செயலிகளோடு ஒத்துப்போகும் பெயர் முறைக்கான கட்டமும் அங்கேயே இருக்கிறது. இந்தச் சிறு கோப்புகளைக் குப்பை என்று நினைத்து யாராவது அழித்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டீஃபால்ட் ஒன்றல்ல, இரண்டு

மின்ட்டில் எக்ஸ்வியூவர், பிக்ஸ் இரண்டும் கூடவே வரும். எக்ஸ்வியூவர் படத்தைக் காட்டுகிற செயலி. பிக்ஸ் அடுக்குகிற செயலி. இந்த வேறுபாட்டைக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தொல்லைக்குக் காரணம். படத்தை இருமுறை சொடுக்கினால் திறப்பது இலேசான காட்டும் செயலியாக இருக்கட்டும். கேமராவின் கார்டைச் செருகினால் எழுந்திருப்பது அடுக்கும் செயலியாக இருக்கட்டும். இருமுறை சொடுக்கலுக்கு டிஜிகேமை வைத்தால், மின்னஞ்சலில் வந்த ஒரு ரசீதுப் படத்தைப் பார்க்கவும் மொத்த நூலகமும் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஷாட்வெல்லை வைத்தாலும் சிக்கல்தான்: அப்போது திறப்பது நூலகம் அல்ல, ஷாட்வெல்லின் தனிக் காட்டி. அதில் திருத்தி சேவ் கொடுத்தால் மூலக் கோப்பே மாறிவிடும். ஒரே பெயர், ஒரே சின்னம், இரண்டு நடத்தை.

மின்ட்டில் அமைப்பது இப்படி. கோப்பு மேலாளரில் ஒரு ஜேபெக் படத்தின் மீது வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், அதில் ஓப்பன் வித் பக்கம், எக்ஸ்வியூவரைத் தேர்ந்தெடுத்து டீஃபால்ட் ஆக்குங்கள். உபுண்டுவில் வலது சொடுக்கி ஓப்பன் வித் கொடுத்தால், இந்த வகைக் கோப்புக்கு எப்போதும் இதையே பயன்படுத்து என்ற சுவிட்ச் கீழே இருக்கும். இரண்டிலும் அமைப்பு கோப்பு வகைக்கு ஒன்று. ஜேபெக்குக்குச் செய்தது பிஎன்ஜிக்குப் பொருந்தாது. ஜேபெக், பிஎன்ஜி, ஹெய்க், வெப்பி, டிஃப் ஐந்துக்கும் தனித்தனியே செய்யுங்கள். அமைப்பு பயனர் கணக்குக்கு உரியதும்கூட. அப்பா கணக்கில் செய்தது அம்மா கணக்கில் செல்லாது.

கார்டு செருகும்போது நடப்பதை மின்ட்டில் பிரிஃபர்ட் அப்ளிகேஷன்ஸ் சாளரத்தின் நீக்கக்கூடிய ஊடகம் பகுதியில் மாற்றலாம். கார்டில் டிசிஐஎம் என்ற கோப்புறை இருந்தால்தான் கணினி அதைப் படக் கார்டு என்று எடுத்துக்கொள்ளும். யாரோ வெறும் படங்களாகப் போட்டுக் கொடுத்த யுஎஸ்பியைச் செருகினால் ஒன்றும் எழுந்திருக்காது. அது பழுதல்ல.

உபுண்டு 24.04-ஐ நிறுவும்போது விரிவான தேர்வைக் கொடுத்தால்தான் ஷாட்வெல் வரும். கொடுக்காமல் விட்டிருந்தால் பிறகு தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் ஒரே செயலி சிஸ்டம் பேக்கேஜ் (இயங்குதளத்தின் சொந்தப் பொதி) ஆகவும் ஃபிளாட்பேக் (தனித்து நிற்கும் பொதி) ஆகவும் இரண்டு தடவை தெரியலாம். ஃபிளாட்பேக் பெரும்பாலும் புதிய பதிப்பாக இருக்கும். ஆனால் அது வேலிக்குள் ஓடுவது. எந்தெந்தக் கோப்புறைக்கு அனுமதி உண்டோ அதை மட்டும்தான் பார்க்கும். உபுண்டுவின் ஸ்னாப் வகைப் பொதியும் அப்படியே, நீக்கக்கூடிய வட்டுக்கான அனுமதியைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும். "வட்டு கோப்பு மேலாளரில் தெரிகிறது, டிஜிகேமில் தெரியவில்லை" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஃபிளாட்பேக்குக்கு ஃபிளாட்சீல் என்ற சிறு செயலியில் அனுமதி கொடுக்கலாம். வெளி வட்டில் படம் வைத்திருப்பவருக்கு முடிந்தவரை சிஸ்டம் பேக்கேஜையே போடுங்கள். பதிப்பு கொஞ்சம் பழையதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு மணி நேரச் சோதனை

முழுப் படக் குவியலையும் இறக்குவதற்கு முன், சோதனை என்ற பெயரில் ஒரு கோப்புறை செய்து முப்பது படங்களின் நகல்களைப் போடுங்கள். மூலங்களை அல்ல. அதில் இவையெல்லாம் இருக்க வேண்டும்: ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ஜேபெக், ஐஃபோனின் ஹெய்க், அசையும் படம் (லைவ் ஃபோட்டோ) ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்தது, கேமராவில் எடுத்தது, ஸ்கேன் செய்த 1960களின் படம், ஒரு வீடியோ, தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்று.

எல்லாவற்றையும் செயலியில் திறந்து, "தைப்பூசம்" என்று ஒரு குறிச்சொல்லும் ஒரு தலைப்பும் கொடுங்கள். ஒரு படத்தைத் திருப்புங்கள், இன்னொன்றின் தேதியை மாற்றுங்கள். செயலியை மூடிவிடுங்கள். இப்போது அதே கணினியில் இரண்டாவது பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, சோதனைக் கோப்புறையை அங்கே நகலெடுத்து, வேறொரு செயலியில் பாருங்கள். குறிச்சொல் இருக்கிறதா, தலைப்பு இருக்கிறதா, தேதி மாறியிருக்கிறதா? எது வரவில்லையோ அது பேரேட்டில் மாட்டிக்கொண்டது என்று பொருள். நாலு வருடம் கழித்துப் புதுக் கணினி வாங்கும்போது நடக்கப்போவதை இன்றே பார்த்துவிடுகிறீர்கள்.

திரும்பவும் முதல் கணக்குக்கு வந்து, செயலி மூடியிருக்கும்போது கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். பிக்ஸ் சட்டை செய்யாது. ஷாட்வெல் அந்தப் படங்களைக் காணாமல் போன கோப்புகள் என்று ஒதுக்கி வைக்கலாம். அது பேரேட்டுச் செயலியின் இயல்பு; ஆகவே அங்கே கோப்புறை வேலையைச் செயலிக்குள்ளிருந்துதான் செய்ய வேண்டும் என்பதை வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

ஹெய்க் கோப்பு திறக்கவில்லை என்றால், ஹெய்ஃப்-ஜிடிகே-பிக்ஸ்பஃப் என்ற பொதியைச் சேர்த்தால் ஜிடிகே வகைச் செயலிகளில் (பிக்ஸ், ஜிதம்ப், ஷாட்வெல் போன்றவை) திறக்கும். ஐஃபோனின் அசையும் படம் உண்மையில் இரண்டு கோப்பு, ஒரே பெயரில் ஒரு ஹெய்க்கும் ஒரு மூவ் வீடியோவும். ஒன்றை அழித்தால் மற்றது அநாதையாக நிற்கும். ஐஃபோனில் சேமிப்பைச் சிக்கனப்படுத்தும் ஐகிளவுட் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், முழு அளவுப் படங்கள் ஃபோனில் இல்லாமலே இருக்கலாம். கேபிள் வழியாக எடுக்கும்போது எண்ணிக்கை குறைகிறது என்றால் கேபிளைத் திட்டாதீர்கள். அவற்றை ஐகிளவுட் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும்.

திருப்புவதில் ஒரு நுணுக்கம். ஜேபெக்கைத் தரம் குறையாமல் திருப்ப வேண்டுமென்றால் நீள அகலம் 8 அல்லது 16 பிக்சலின் மடங்காக இருக்க வேண்டும். இல்லாத படத்துக்கு ஜிதம்ப் குடும்பச் செயலிகள், ஓரத்தை நறுக்கவா அல்லது சிதைவை ஏற்கவா என்று கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை, போவது சில பிக்சல்தான்.

தமிழில் எழுதினால்

குறிச்சொல்லைத் தமிழில் எழுதிப் பார்க்காமல் எந்தச் செயலிக்கும் ஒப்புதல் கொடுக்காதீர்கள். ஐபிடிசியின் பழைய வடிவத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும். "மி" என்பதில் மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக 6 பைட். "தமிழ்ப் புத்தாண்டு விழா" என்பதை எண்ணிப் பாருங்கள்: 21 குறிகள், 63 பைட், இடைவெளி இரண்டு, மொத்தம் 65. ஒரே ஒரு பைட் கூடுதல். வரம்பைக் கறாராகப் பின்பற்றும் செயலி கடைசித் துணைக்காலின் நடுவில் வெட்டும். "விழ" என்று நின்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் தெரியும். எக்ஸ்எம்பியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் எது எங்கே படிக்கப்படும் என்பது நம் கையில் இல்லாததால் குறிச்சொல்லைச் சுருக்கமாக வையுங்கள்: "புத்தாண்டு" போதும், விவரத்தை விளக்கக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. "பொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் கோப்புப் பெயரைப் பிரித்தே சேமித்தன. அந்த வட்டிலிருந்து வந்த "பொங்கல்" கோப்புறையும் நீங்கள் இங்கே தட்டிய "பொங்கல்" கோப்புறையும் பக்கத்துப் பக்கத்தில் இரட்டையாக நிற்கும். படங்களை ஒன்றுக்கு நகர்த்திவிட்டு மற்றதை அழியுங்கள். குறிச்சொல்லும் இப்படி இரண்டாகத் தெரிந்தால் அதே மருந்து.

கலைந்த நேரம்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போய்க் கல்யாணம் பார்த்து வருகிற குடும்பங்களில் கட்டாயம் நடப்பது. கைப்பேசி சென்னையில் இறங்கியதும் இந்திய நேரத்துக்கு மாறிவிடும். கேமரா மாறாது. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டரை மணி நேரம். காலை 6.15-க்குத் தாலி கட்டியதைக் கேமரா 8.45 என்று பதிந்திருக்கும். 8 மணிக்குச் சாப்பிட்ட இட்லியைக் கைப்பேசி 8 மணி என்றே பதிந்திருக்கும். கணினியில் தேதிவாரியாக அடுக்கினால் பந்தி முடிந்த பிறகு முகூர்த்தம். எக்ஸிஃபில் எடுத்த நேரம் இருக்கும். எந்த நாட்டு நேரம் என்பதைக் குறிக்கும் இடம் 2016-இல்தான் தரத்தில் சேர்ந்தது, பழைய கேமராக்கள் அதை நிரப்புவதில்லை. எந்தச் செயலியும் இதைத் தானாகச் சரிசெய்யாது.

கேமராப் படங்களை மட்டும் பிரித்துத் தேர்ந்தெடுங்கள். ஷாட்வெல்லில் ஃபோட்டோஸ் மெனுவில் தேதி நேரம் மாற்றும் சாளரத்தைத் திறந்து, முதல் படத்துக்குச் சரியான நேரத்தைக் கொடுங்கள். எல்லாப் படங்களையும் அதே அளவு நகர்த்து என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றுக்கும் இதே நேரம் என்பதைத் தொட்டால் ஆயிரம் படமும் 6.15-க்கு எடுத்ததாகிவிடும். மூலக் கோப்பையும் மாற்று என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். டிஜிகேமில் ஐட்டம் மெனுவில் இதே வேலைக்குக் கருவி உண்டு. அதில் இரண்டரை மணி கழிக்கச் சொன்னால் போதும்.

வீடியோ வேறு கதை. கைப்பேசி வீடியோக்கள் பெரும்பாலும் நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. அதை அப்படியே படிக்கும் செயலியில் எட்டு மணி நேரம் பின்னால் தெரியும்: சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் மாலை 7 மணிக்கு எடுத்த காவடி, காலை 11 மணிக்கு நிற்கும்.

வாட்ஸ்அப் படங்களில் எக்ஸிஃப் போய்விடும். ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், பிறகு டபிள்யூஏ என்ற எழுத்தும் வரிசை எண்ணும் இருக்கும். அந்தத் தேதி படம் எடுத்தது அல்ல, உங்களுக்கு வந்து சேர்ந்தது. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். டிஜிகேமின் தேதிக் கருவி கோப்புப் பெயரிலிருந்து தேதியை எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு வசதிக்காகவே டிஜிகேமை இரண்டாவது செயலியாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு ஸ்கேன் செய்த நாளே தேதியாக விழும். ஆண்டு மட்டும் தெரிந்தால் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று கொடுத்து, "ஆண்டு மட்டும்" என்று ஒரு குறிச்சொல் போடுங்கள். 1970-க்கு முந்தைய தேதியில் சில செயலிகள் தடுமாறும், ஏனென்றால் கணினியின் காலக் கணக்கு 1970 ஜனவரி 1-இலிருந்து தொடங்குகிறது. சோதனைக் கோப்புறையில் 1960களின் படம் கேட்டது இதற்குத்தான்.

பழைய கணினியை அழிப்பதற்கு முன்

பிக்காசா பயன்படுத்திய கணினி என்றால் அவசரப்பட்டு வட்டை அழிக்காதீர்கள். முகப் பெயர்கள் படத்துக்குள் இல்லாமல் இருக்கலாம். பிக்காசா 3.9-இன் டூல்ஸ் மெனுவில் எக்ஸ்பெரிமென்டல் என்பதற்குள், முகங்களை எக்ஸ்எம்பியில் எழுதும் கட்டளை இருக்கிறது. அதை ஓடவிட்டு முடித்த பிறகு நகலெடுங்கள். திருத்திச் சேமித்த படங்களின் மூலங்கள், ஒவ்வொரு கோப்புறையிலும் புள்ளியில் தொடங்கும் பிக்காசா ஒரிஜினல்ஸ் என்ற மறைகோப்புறையில் இருக்கும். மறைகோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு நகலெடுத்தால்தான் உங்கள் கண்ணில் படும்.

மேக்கின் ஃபோட்டோஸிலிருந்து வருவதென்றால் நூலகப் பொதியை அப்படியே தூக்கி வராதீர்கள். உள்ளே பெயர்களெல்லாம் புரியாத எண் எழுத்தாக இருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, திருத்தப்படாத மூலத்தை ஏற்றுமதி செய் என்பதைக் கொடுங்கள். ஐபிடிசியை எக்ஸ்எம்பியாகச் சேர் என்ற கட்டத்திலும் டிக். கூகல் ஃபோட்டோஸிலிருந்து டேக்அவுட் வழியாக இறக்கினால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஜேசான் கோப்பு வரும். கூகலில் நீங்கள் எழுதிய விளக்கமும் திருத்திய தேதியும் அதில்தான். அதையும் பத்திரப்படுத்துங்கள்.

முகம் கண்டுபிடிக்கும் வசதியை டிஜிகேமில் இயக்கினால் முதல்முறை சில நூறு மெகாபைட் தரவை இறக்கும். பிறகு எல்லாம் கணினிக்குள்ளேயே நடக்கும், படம் வெளியே போகாது. முதல் தேடலை இரவில் மின்னிணைப்போடு விட்டுவிடுங்கள். ஒரு முகத்துக்கு நாலைந்து படமாவது நீங்கள் பெயர் வைத்தால்தான் உருப்படியாக ஊகிக்கும், அப்போதும் அண்ணனையும் தம்பியையும் மாற்றித்தான் சொல்லும். சங்கக் கணினி என்றால் பிள்ளைகளின் பெயரை முகத்தோடு எழுதும் முன் யோசியுங்கள். வீட்டு உபயோகத்துக்குச் சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வராது, அமைப்புகளுக்கு வரும். அதோடு, படத்தின் முதுகில் எழுதிய பெயர் அந்தக் கோப்பை எங்கே பகிர்ந்தாலும் கூடவே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியே அனுப்பும் நகலில் தகவலை நீக்கி ஏற்றுமதி செய்யுங்கள்.

காப்புக்கு மின்ட்டில் இருக்கும் டைம்ஷிஃப்ட்டை நம்பிவிடாதீர்கள். அது இயங்குதளத்தைக் காப்பது. ஹோம் கோப்புறையை, அதாவது உங்கள் படங்களை, தொடக்க அமைப்பில் தொடவே தொடாது. படங்களுக்குத் தனி வெளி வட்டு வேண்டும். விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்க வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் என்ற வட்டு வடிவத்தில் அமைத்துக்கொள்ளுங்கள். நகலெடுக்கும்போது செயலி மூடியிருக்க வேண்டும். திறந்திருக்கும் தரவுத்தளத்தை நகலெடுத்தால் பாதி எழுதிய பேரேடு கிடைக்கலாம். ஷாட்வெல் என்றால் ஃபோட்டோ.டிபியையும், டிஜிகேம் என்றால் அதன் டிபி கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். கணினியை ஒப்படைக்கும்போது, படங்கள் எந்தக் கோப்புறையில், பேரேடு எந்தக் கோப்புறையில், கடைசிக் காப்பு எந்தத் தேதியில் என்று மூன்று வரியை ஒரு தாளில் எழுதி மடிக்கணினியின் அடிப்பக்கத்தில், காற்றுத் துளைகளை மறைக்காமல் ஒட்டிவிடுங்கள்.